சுண்ணாம்புக்கல்லை அடையாளம் காண்பது எப்படி: ஒரு பேனாக்கத்தி, கொஞ்சம் வினிகர், நல்ல வெயில்

கல் பொறுக்கத் தொடங்கிய முதல் வருடம் நான் சேர்த்த வெள்ளைக் கற்கள் ஒரு சிமெண்டுச் சாக்கில் பாதி இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து மானூர் ரோட்டோரம், கங்கைகொண்டான் பக்கம், தாழையூத்தைச் சுற்றிய பொட்டல் என்று வெயிலில் அலைந்து சேர்த்தது. அத்தனையும் சுண்ணாம்புக்கல் என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பழைய கொத்தனார் ஒருவர் இருந்தார், சுண்ணாம்பு நீற்றி அரைத்துக் காரை போட்ட காலத்து ஆள். அவர் சாக்கைத் தரையில் கவிழ்த்து, மடியில் இருந்த கத்தியால் ஒவ்வொரு கல்லையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, இரண்டு குவியலாக ஒதுக்கினார். பெரிய குவியலைக் காட்டி, "தம்பி, இதெல்லாம் வெங்கச்சங்கல்லு. காளவாசல்ல வச்சு ஒரு மாசம் சுட்டாலும் நீறாது" என்றார். வெங்கச்சங்கல் என்றால் குவார்ட்ஸ். "பார்த்ததும் எப்படி அண்ணாச்சி தெரியுது?" என்று கேட்டேன். "பார்த்தா எனக்கும் தெரியாது. கீறிப் பாரு, அதுவே சொல்லும்."

புதிதாகக் கல் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். நிறத்தை நம்பாதீர்கள். நம் பக்கம் தரையில் கிடக்கும் வெள்ளைக் கல்லில் குறைந்தது மூன்று வகை உண்டு, மூன்றும் தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கத்தி, அமிலம், உடையும் விதம், இந்த மூன்றையும் வைத்துப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமத்துக்குப் பெயர் கால்சைட். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அது நம் வீட்டுக்குள் எந்தெந்த வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கால்சைட் என்பது கனிமம், அதாவது கால்சியம் கார்பனேட் படிகமாக அமைந்தது. அந்தக் கனிமம் பெரும்பகுதியாகச் சேர்ந்த பாறைதான் சுண்ணாம்புக்கல். அதே சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மறுபடி பெரிய படிகங்களாக இறுகினால் சலவைக்கல். கரிசல் காட்டில் உழும்போது கட்டி கட்டியாக வெளியே வருமே, வெளுத்த சாம்பல் நிறத்தில், அது சுக்கான்கல். அதிலும் கால்சைட்தான், ஆனால் மண்ணோடு கலந்தது. கடற்கரைச் சிப்பியும் கிளிஞ்சலும்கூட இதே கால்சியம் கார்பனேட்தான், பெரும்பாலும் படிக அமைப்பு மட்டும் வேறு.

எங்கே தேடுவது

பழைய திருநெல்வேலி மாவட்டம் என்று சொன்னால் 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிவதற்கு முந்தைய முழு நிலப்பரப்பு. அதற்குள் கால்சியம் கார்பனேட்டைப் பார்க்க மூன்று வேறு வேறு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, தாழையூத்து வட்டாரம். திருநெல்வேலியில் இருந்து மதுரை ரோட்டில் போனால் வருவது. இங்கே இருப்பது வெந்து படிகமான சுண்ணாம்புக்கல், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. உடைத்துப் பார்த்தால் சீனியை இறுக்கிக் கட்டியது மாதிரி மினுமினுக்கும். இரண்டாவது, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் கிடைக்கும் சுக்கான். மூன்றாவது, கடற்கரைச் சிப்பி.

தாமிரபரணி ஆற்று மணலில் தேடினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள், நானும் தேடியிருக்கிறேன். கால்சைட் மென்மையானது, உருண்டு உருண்டு தேய்ந்துவிடும், போதாததற்குத் தண்ணீரில் மெதுவாகக் கரையவும் செய்யும். பொதிகையில் இருந்து உருண்டு வந்து மணலாக மிஞ்சுவது பெரும்பாலும் வெங்கச்சங்கல்தான். ஆனால் ஆற்றங்கரைக்குப் போவது வீண் என்று சொல்லமாட்டேன். குறுக்குத்துறையில் படித்துறைப் பக்கம் உட்கார்ந்து ஆற்றுப் பாறையைப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடியிருக்கும். அந்த வெள்ளை வரியில் இருப்பது வெங்கச்சங்கல்லும் பெல்ஸ்பார் என்ற இன்னொரு கடினமான கனிமமும். கால்சைட் இல்லாத வெள்ளை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பார்க்க மட்டும்தான், அங்கே கத்தியை எடுக்க வேண்டாம்.

குவாரிக் குழிக்குள் இறங்காதீர்கள். கைவிட்ட குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது, ஓரம் செங்குத்தாக இருக்கும், மேலே இருந்து கல் சரியும். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தப்பு. உங்களுக்குத் தேவை உள்ளங்கை அளவு துண்டு இரண்டு மூன்று, அது ரோட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் தாராளமாகக் கிடைக்கும். ஒருவரின் காட்டுக்குள் சுக்கான் எடுக்கப் போனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் "எடுத்துட்டுப் போங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்பார்கள், உழுகிறவருக்கு அது தொல்லை.

கையில் வேண்டியவை

ஒரு பேனாக்கத்தி, பழைய ஒயரை உரித்து எடுத்த தடிமனான செம்புக் கம்பி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ், பழைய டூத் பிரஷ், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு முரட்டுத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. வினிகர் ஒரு சின்னப் பாட்டில். வினிகர் இல்லையென்றால் புளியங்குடிச் சந்தையில் இருந்து வரும் எலுமிச்சம்பழம் ஒன்று போதும். மொத்தச் செலவில் லென்ஸுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள், மட்டமான லென்ஸ் ஓரத்தில் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும்.

முதல் படி: கழுவி, புது முகத்தைப் பார்ப்பது

நம் ஊர்த் தரையில் கிடந்த எந்தக் கல்லும் வெளியே செம்மண்ணோ கரிசலோ பூசிக்கொண்டுதான் இருக்கும். பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டு, ஏற்கனவே உடைந்த பக்கம் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் கல்லைத் துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மூலையை மட்டும் லேசாகத் தட்டுங்கள். சோதனை எல்லாவற்றையும் இந்தப் புது முகத்தில்தான் செய்ய வேண்டும். பல வருடம் வெயில் மழை பட்ட தோல் பொய் சொல்லும், வெளியே சுண்ணாம்பு படிந்த வெங்கச்சங்கல்லும் உண்டு, வெளியே செம்மண் கறை ஏறிய நல்ல கால்சைட்டும் உண்டு.

இரண்டாம் படி: கீறல்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தி ஓர் அளவுகோலை ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் 1812-ல் கொடுத்தார். இன்றைக்கும் காட்டில் கல் பார்க்கிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஜிப்சம் 2, கால்சைட் 3, பெல்ஸ்பார் 6, வெங்கச்சங்கல் 7, வைரம் 10. நம் விரல்நகம் ஏறத்தாழ 2.5, செம்பு 3-க்குப் பக்கம், சாதாரணக் கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் 5.5-க்குப் பக்கம்.

இதை வைத்து என்ன செய்வது என்றால், முதலில் நகத்தால் கீறுங்கள். நகத்துக்கே கோடு விழுந்தால் அது கால்சைட் இல்லை, பெரும்பாலும் ஜிப்சம். நகத்துக்கு விழவில்லை, கத்திக்குச் சுலபமாக விழுகிறது, வெள்ளைப் பொடி உதிர்கிறது என்றால் கால்சைட்டுக்கு நல்ல வாய்ப்பு. கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது, கல்லில் ஒன்றுமே இல்லை என்றால் வெங்கச்சங்கல்லோ பெல்ஸ்பாரோ.

புதியவர்கள் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். வெங்கச்சங்கல்லைக் கத்தியால் இழுத்தாலும் கல்லின் மேல் ஒரு கோடு தெரியும், சாம்பல் நிறத்தில், பளபளப்பாக. அது கல்லில் விழுந்த கீறல் கிடையாது, கத்தி தேய்ந்து கல்லில் ஒட்டிய இரும்பு. விரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழுத்தித் தேயுங்கள், பிறகு லென்ஸ் வைத்து, வெயில் சாய்வாக விழும்படி கல்லைத் திருப்பிப் பாருங்கள். கீறல் என்றால் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், அதன் இரண்டு கரையும் பிசிறாக இருக்கும், நகத்தை குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். இரும்பு ஒட்டியிருந்தால் பள்ளம் இருக்காது, கல்லின் தோலுக்கு மேலே சாம்பல் பூச்சு மட்டும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு இது பழக இரண்டு மாதம் ஆனது.

செம்புக் கம்பி எதற்கு என்றால், அதுவும் கால்சைட்டும் கிட்டத்தட்ட ஒரே கடினம். லேசாகக் கோடு விழும் அல்லது விழாமலும் போகும். நகத்துக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு இடைநிலை பார்க்க உதவும், முடிவு சொல்லாது. பழைய புத்தகங்களில் செப்புக்காசால் கீறச் சொல்லியிருப்பார்கள், இப்போது சட்டைப்பையில் இருக்கும் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அது கால்சைட்டை நன்றாகவே கீறும். அதனால் அந்தப் பழைய குறிப்பை நாணயத்தோடு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெங்கச்சங்கல்லுக்கு இன்னொரு அடையாளம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். கரண்டு போன ராத்திரியில் இரண்டு வெள்ளைக் கல்லை எடுத்து அழுத்தி உரசினால் கல்லுக்குள்ளே வெளிச்சம் மின்னும், ஒரு கருகல் வாசனையும் வரும். கால்சைட்டை அப்படி உரசினால் மின்னாது, கையில் மாவு மாதிரி உதிரும்.

மூன்றாம் படி: உடையும் விதம்

கால்சைட்டின் மிக அழகான குணம் இது. எப்படி உடைத்தாலும் மூன்று திசைகளில் மட்டும்தான் தட்டையாகப் பிளக்கும். அந்த மூன்று தளமும் ஒன்றுக்கொன்று நேர்க்கோணத்தில் இருக்காது, ஒரு மூலை ஏறத்தாழ 75 டிகிரி, பக்கத்து மூலை 105 டிகிரி. தீப்பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நசுக்கினால் எப்படிச் சாய்சதுரமாக நிற்குமோ அந்த வடிவம். பெரிய படிகம் ஒன்றைத் துணிக்குள் வைத்துத் தட்டிவிட்டுப் பிரித்துப் பாருங்கள், துணி நிறையச் சாய்ந்த பெட்டிகள் கிடக்கும், பெரிது, சிறிது, மணல் அளவு, எதை லென்ஸில் பார்த்தாலும் அதே சாய்வு.

ஆனால் நம் பக்கம் கிடைக்கும் கல்லில் பெரும்பாலும் படிகங்கள் சின்னதாக ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். அப்போது முழுப் பெட்டி தெரியாது. கல்லை வெயிலில் மெதுவாகத் திருப்பினால் ஒவ்வொரு பரலும் ஒவ்வொரு கோணத்தில் சின்னக் கண்ணாடி மாதிரிப் பளிச்சிடும். அந்தப் பளிச்சு தட்டையான தளத்தில் இருந்து வருவது. வெங்கச்சங்கல் இப்படிப் பளிச்சிடாது, அதற்குப் பிளவுத் தளமே கிடையாது, உடைந்த பாட்டில் கண்ணாடி மாதிரி வளைந்த சில்லாக உடையும், ஓரம் கையைக் கிழிக்கும். பெல்ஸ்பார் பளிச்சிடும், அதில்தான் எச்சரிக்கை வேண்டும். அதற்கு இரண்டு நல்ல பிளவுத் தளம் உண்டு, கிட்டத்தட்ட 90 டிகிரியில், ஆனால் கத்திக்குக் கீறல் விழாது. பளிச்சை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பெல்ஸ்பாரைக் கால்சைட் என்று எழுதி வைத்துவிடுவோம்.

நிறமே இல்லாத, தெளிவான துண்டு ஒன்று எப்போதாவது கையில் கிடைத்தால் அதை உடைக்காதீர்கள். ஒரு காகிதத்தில் பேனாவால் புள்ளி வைத்து அதன் மேல் அந்தத் துண்டை வையுங்கள், ஒரு புள்ளி இரண்டாகத் தெரியும். துண்டைச் சுழற்றினால் ஒரு புள்ளி நின்ற இடத்தில் நிற்க, இன்னொன்று அதைச் சுற்றி வரும். ஒளி அந்தப் படிகத்துக்குள் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு வேகத்தில் போவதால் வரும் காட்சி. 1669-ல் ராஸ்மஸ் பார்த்தோலின் என்ற டென்மார்க்காரர் ஐஸ்லாந்தில் இருந்து வந்த கால்சைட்டில் இதைக் கவனித்து எழுதினார். 1828-ல் வில்லியம் நிக்கல் இதே கால்சைட்டை வெட்டி ஒட்டி ஒரு பட்டகம் செய்தார், பாறைகளை நுண்ணோக்கியில் படிக்கும் வேலை அதன் பிறகுதான் வளர்ந்தது. எனக்கு இன்னும் அப்படி ஒரு துண்டு நம் மண்ணில் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான்காம் படி: அமிலச் சொட்டு

கால்சைட்டில் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு குமிழாக வெளியேறும். ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள், சோடா திறந்த மாதிரிச் சத்தத்தோடு பொங்கும். வீட்டில் அது வேண்டாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் இருப்பது அதே அமிலம்தான், சிலர் அதை ஊற்றிப் பார்ப்பார்கள், தெறித்தால் கண் போய்விடும், அது தவறிப் போய்ப் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. வினிகரும் எலுமிச்சையும் போதும்.

அவை பலம் குறைந்தவை என்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கல்லின் மேல் நேராக ஒரு சொட்டு விட்டால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கத்தியால் ஒரு இடத்தைச் சுரண்டி, அந்தப் பொடி அங்கேயே இருக்க, அதன் மேல் சொட்டு விடுங்கள், உடனே லென்ஸை வையுங்கள். பொடியின் விளிம்பில் ஊசிமுனை அளவு குமிழ்கள் வரிசையாக எழும்பி, சொட்டின் மேலே வந்து ஒன்றாகச் சேர்ந்து உடையும், ஓர் இடத்தில் இருந்து விடாமல் நூல் மாதிரி வரும். அப்படி விடாமல் வந்தால் கார்பனேட். இரண்டு மூன்று குமிழ் வந்து நின்றுபோனால் அது கல்லின் ஓட்டைக்குள் இருந்த காற்றாக இருக்கலாம், வேறு இடத்தில் மறுபடி பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரே நேரத்தில் முட்டை ஓட்டுத் துண்டு ஒன்றையும் வினிகரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஓடு பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அது எப்படிப் பொங்குகிறதோ அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ரோட்டோரத்தில் கிடக்கும் பழைய சுவர்க் காரைத் துண்டு பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், நன்றாகப் பொங்கும், லென்ஸில் பார்த்தால் உள்ளே ஆற்று மணல் பரல் பரலாகத் தெரியும், அப்போது அது மனிதன் செய்தது என்று புரிந்துவிடும். சிப்பியும் பொங்கும், அதன் வடிவத்தை வைத்துப் பிரியுங்கள். டோலமைட் என்று ஒரு கனிமம், மெக்னீசியம் கலந்தது, முழுக் கல்லாக இருக்கும்போது குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது, பொடி செய்தால் மட்டும் மெதுவாகப் பொங்கும். வினிகரை வைத்துக்கொண்டு டோலமைட்டையும் கால்சைட்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது, அந்த அளவு துல்லியம் வேண்டுமென்றால் கல்லூரி ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கோவில் தரையிலும் சிலையிலும் யார் வீட்டுச் சலவைக்கல் தரையிலும் அமிலமோ கத்தியோ வைக்காதீர்கள். சொட்டு விட்ட இடம் மங்கிப்போகும், மறுபடி மெருகேற்றாமல் போகாது.

எடையை வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71, வெங்கச்சங்கல் 2.65. சமையலறைத் தராசில் அந்த வித்தியாசம் பிடிபடாது, விட்டுவிடுங்கள்.

சரி, இந்தக் கல்லால் என்ன பயன்?

தாழையூத்துக்காரர்களிடம் கேட்டால் சிமெண்டு என்பார்கள். 1946-ல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-ல் அங்கேதான், சங்கர் நகரில், வந்தது. கல் இருக்கும் இடத்துக்கு ஆலை வந்ததே தவிர ஆலைக்குக் கல் போகவில்லை. சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்துப் பொடியாக்கி, ஏறத்தாழ 1450 டிகிரி சூட்டில் சுழலும் உலையில் வேகவைத்தால் கிளிங்கர் என்ற கறுத்த உருண்டைகள் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் போகும் என்பதால், தூரத்தில் இருந்து கல்லைச் சுமந்து வருவது கட்டுப்படியாகாது.

சிமெண்டுக்கு முன்னால் காளவாசல். கல்லையோ சிப்பியையோ 900 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சுத்தமான கல் 100 கிலோ வைத்தால் எடுக்கும்போது 56 கிலோதான் இருக்கும், மீதி 44 கிலோ காற்றோடு போனது. அந்தக் கொத்தனார் "பாதி வெயிட்டுப் போயிரும், ஆனா கல்லு உருவம் மாறாது" என்பார், கணக்கு ஏறத்தாழ அதேதான். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் சீறும், கொதிக்கும், பிளந்து மாவாகும். அதைத்தான் நீற்றுவது என்கிறோம். நீற்றும் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசியதும் வேறொரு வேலை தொடங்குகிறது. அது காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாக இழுத்து, மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகும். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் முதல் நாள் கையில் ஒட்டும், நாளாக ஆக இறுகிவிடும். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த பழைய காரைச் சுவர்கள் இன்றும் ஆணி அடித்தால் மழுங்கச் செய்கின்றன என்றால், அங்கே இருப்பது திரும்பவும் கல்லான சுண்ணாம்பு.

அடுத்தது பனை. எனக்கு இந்தக் கல்லோடு பெரிய பற்று வந்தது இதனால்தான். உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர்கள் பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வளர முடியாது, அதனால் ராத்திரி முழுவதும் சொட்டியது காலையில் இனிக்கும் பதநீராக இறங்கும். தடவாமல் கட்டினால் அதே மரத்தில் அதே பாளையில் கள்தான் இறங்கும். அளவு முக்கியம், குறைந்தால் புளிக்கும், கூடினால் ருசி கெடும், அந்த அளவை எந்தத் தராசும் பார்ப்பதில்லை, பனையேறியின் விரல்தான் பார்க்கிறது. அந்தப் பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி. நம் ஊர்க் கருப்பட்டிக் காப்பிக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்திருக்கிறது.

கடையில் வாங்குவதில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் நிறுத்த முடியாது. பெயிண்டு, காகிதம், பிளாஸ்டிக் குழாய், பற்பசை, கோழித்தீவனம், கண்ணாடி, இரும்பு உருக்குதல் எல்லாவற்றிலும் இந்தக் கல்லுக்கு இடம் உண்டு. கால்சியம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 500 மில்லிகிராம் கால்சியம் என்று பெரிதாகப் போட்டு, உள்ளே சின்ன எழுத்தில் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருக்கும். இந்தச் சேர்மத்தின் எடையில் 40 சதவீதம்தான் கால்சியம், அதனால் அந்தக் கணக்கு. நிலத்தில் புளிப்பு கூடினால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள், ஆனால் கரிசல் மண்ணில் ஏற்கனவே சுக்கான் கிடக்கிறது, அங்கே மேலும் சுண்ணாம்பு கொட்டுவது வீண்செலவு. மண் பரிசோதனை செய்யாமல் யாரோ சொன்னார்கள் என்று போடாதீர்கள்.

வீட்டிலேயே பழகுவதற்கு

கல் தேடி வெளியே போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கை பழகலாம். கோலப்பொடி ஒரு சிட்டிகை, கரும்பலகைச் சாக்பீஸ் ஒரு துண்டு, வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் படிந்த வெள்ளை ஓடு கொஞ்சம், முட்டை ஓடு, இவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் வினிகர் விடுங்கள். முட்டை ஓடு பொங்கும். ஹீட்டர் ஓடும் பொங்கும், போர்த் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புதான் சூட்டில் வெளியே வந்து அப்படிப் படிகிறது. கோலப்பொடி பொங்கினால் சுண்ணாம்புக்கல்லையோ டோலமைட்டையோ அரைத்தது, பொங்காவிட்டால் வேறு கல்லை அரைத்தது. சாக்பீஸ் பெரும்பாலும் பொங்காது, இப்போது வருவதில் பல ஜிப்சம்.

கிடைத்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். தேதி, எந்த விலக்கில் இருந்து எவ்வளவு தூரம், தரையில் கிடந்ததா பாறையில் இருந்ததா, கத்திக்கு என்ன செய்தது, வினிகருக்கு என்ன செய்தது. பெயரைக் கடைசியில் எழுதுங்கள், பென்சிலால். என் முதல் சாக்கில் ஒரு கல்லுக்கும் சீட்டு இல்லை, கொத்தனார் ஒதுக்கிய நல்ல கற்கள் எந்த ஊரில் எடுத்தவை என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று, வெற்றிலை போடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் செய்யக் கூடியது. எங்கள் ஆச்சியின் சுண்ணாம்புக் கரண்டகம் பித்தளையில் செய்தது, மூடியின் விளிம்பில் வருடக்கணக்கில் சுண்ணாம்பு காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. அந்த ஓட்டில் ஒரு துகளைக் கத்தி நுனியால் பெயர்த்து ஒரு தட்டிலும், உள்ளே இருந்த ஈரச் சுண்ணாம்பை ஈர்க்குச்சியில் தொட்டுப் பக்கத்திலும் வைத்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு வினிகர் விட்டேன். ஈரச் சுண்ணாம்பு அநேகமாகச் சத்தமில்லாமல் கரைந்தது. விளிம்பில் இருந்து வந்த துகள் நூல் நூலாகக் குமிழ் விட்டுப் பொங்கியது. ஆச்சி பக்கத்தில் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "கல்லாயிட்டு, பாரு" என்றாள்.